கொளஞ்சிநாதன் மேல் ஒரு பிராது

அர்ஜென்டினா தோற்றதற்காக அழுதவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். அதற்காக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போன குடும்பம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அந்தக் குடும்பத்து அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனவன் நான். பெயர் அமீனுதீன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எலக்ட்ரிக் சாமான் கடையும் அதிலேயே ஒரு எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தேன். நான் பிரேசில் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ஓரவஞ்சனை என்று குறை சொல்லக் கூடாது.

கொளஞ்சிநாதன் என் சிநேகிதன். செராமிக் எஸ்டேட்டில் டீ கப்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சூளை பார்ப்பவன். ஒல்லி ஆள். இடது புருவம் பாதிதான் இருக்கும், மீதியைச் சூளை தின்றுவிட்டது. அவன் மனைவி அம்புஜவல்லிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அச்சில் வார்த்து எடுத்த கப்பு பாதி காய்ந்ததும் அதற்குக் கைப்பிடி ஒட்ட வேண்டும். அதைக் கைப்பிடி என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், காது என்பார்கள். அந்த அம்மா ஒட்டிய காது சூளையில் கழன்றதாக வரலாறு கிடையாது.

கொளஞ்சி அர்ஜென்டினா கட்சியானதற்கு ஒரு பெரிய காரணமும் இல்லை. எண்பத்தாறில் நாங்கள் உலகக் கோப்பை பார்த்தது கறுப்பு வெள்ளை டிவியில். மற்ற டீம்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, கோடு போட்ட சட்டையால் அடையாளம் தெரிந்த டீம் அது ஒன்றுதான். ஐந்து வயது மகன் அறிவழகனை மடியில் வைத்துக்கொண்டு, "கோடு போட்டவன் நம்மாளு" என்று சொல்லிக் கொடுத்தான். அந்த வருஷம் நம்மாளு கப்பையும் வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு அப்பனையும் பிள்ளையையும் யார் திருத்த முடியும்?

அந்தப் பிள்ளை வளர்ந்து பத்தொன்பது வயதில் சூளை வேலைக்கு வர மாட்டேன் என்றான். "மண்ணுலேயே கெடந்து மண்ணுலேயே சாவறதுக்கு நான் என்ன மண்புழுவா?" என்று கேட்டுவிட்டான். கொளஞ்சிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இருபது வருஷம் அந்த மண்ணில் வேலை செய்து வளர்த்த பிள்ளை இல்லையா? "அப்ப போடா. இனிமே நானா வந்து உங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா நான் கொளஞ்சியப்பர் பேரு வச்சவனே இல்ல" என்று கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துச் சத்தியம் செய்தான். பையன் ஷார்ஜாவுக்குப் போனான். என் மைத்துனன் நவ்ஷாத் அங்கே வேலை பார்த்த கடையில்தான் சேர்த்துவிட்டேன். மாதக் கடைசி ஞாயிறு என் பூத்துக்குப் போன் செய்து அம்மாவிடம் பேசுவான். அந்த நேரத்தில் கொளஞ்சி என் கடைத் தெருவையே எட்டிப் பார்க்க மாட்டான். இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

இரண்டாயிரத்து இரண்டு உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்ததால் நமக்கு எல்லா மேட்சும் பகல் பொழுதில் வந்தன. ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அர்ஜென்டினாவின் முதல் மேட்ச், நைஜீரியாவோடு. என் கடை டிவியில் பார்த்தோம். ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

"மாமா, அறிவு பேசறேன். அப்பா அங்க இருக்காரா? மேட்சு பாத்தாரா?"

நான் ரிசீவரைக் கொளஞ்சியின் காதில் வைத்தேன். அவன் உதறிவிட்டு ஓடியிருப்பான். ஆனால் அதற்குள் பையன் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டான். கொளஞ்சி கேட்டுக்கொண்டே ரிசீவரைத் தன் கையில் வாங்கினான்.

"தலையாலதான் முட்டுனான். கார்னர்லேருந்து வந்த பந்து. பாத்தேன், பாத்தேன்."

இரண்டு நிமிஷம் பேசினார்கள். பந்தைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. வைத்த பிறகு கொளஞ்சி என்னிடம் நியாயம் பேசினான். "அவன்தான் பாய் மொதல்ல பேசுனான். நான் பதில்தான் சொன்னேன். சத்தியத்துல அது வராது."

"வராது, வராது" என்றேன். வக்கீல் தோற்றான் போங்கள்.

மறுநாள் சூளைக் கதவில் சாக்பீஸால் ஏழு கோடு போட்டு, முதல் கோட்டை அடித்துவைத்திருந்தான். என்ன கணக்கு என்று கேட்டேன். ஃபைனல் வரைக்கும் போனால் ஏழு மேட்ச், ஏழு மேட்சுக்கு ஏழு போன்.

"ஏழாவது போனுல கேட்டுடலாம்னு இருக்கேன் பாய்."

"என்னன்னு?"

"எப்படா வூட்டுக்கு வரேன்னு."

"இதை நாளைக்கே கேளேன். நம்பர் என்கிட்ட இருக்கு."

"ஒனக்குச் சூளை தெரியாது பாய். சூடா இருக்கறப்ப கதவத் தொறந்தா காத்து பட்டு அம்புட்டும் விரிசல் வுட்டுடும். ஆறவுட்டுத்தான் தொறக்கணும். ஏழு போன்ல ஆறிடும்."

அம்புஜவல்லியிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கை நீட்டி உறுதி வாங்கிக்கொண்டான். மகனிடம் பேசச் சொல்லி அவள் இரண்டு வருஷம் கெஞ்சியும் பேசாதவன், பந்துக்காகப் பேசினான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு அவள் எதிரில் சாப்பிட உட்காருவான்? ஏழாவது போன் முடிந்து நல்ல சேதியோடுதான் சொல்வதாகத் திட்டம்.

இரண்டாவது மேட்ச் இங்கிலாந்தோடு. ஒரு பெனால்டியில் தோற்றார்கள். அன்றும் போன் வந்தது. "அது பெனால்டியே இல்லப்பா" என்றான் பையன். "கண்ணு அவிஞ்சவன் குடுத்த பெனால்டிடா" என்றான் அப்பன். தோற்ற அன்று இன்னும் அதிக நேரம் பேசினார்கள். வைக்கும்போது பையன், "அடுத்த மேட்சு நம்மளுதுப்பா, கவலப்படாத" என்றானாம். மகன் தனக்கு ஆறுதல் சொன்னதை எஸ்டேட் வரைக்கும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான் கொளஞ்சி.

மூன்றாவது மேட்ச் ஸ்வீடனோடு. ஜூன் பன்னிரண்டு, புதன்கிழமை, நம் நேரத்துக்குப் பகல் பன்னிரண்டு மணி. ஜெயித்தே தீர வேண்டும். சூளையை அணைத்து ஆறவிட்ட நாள் என்பதால் கொளஞ்சி தலைவாரி, இளநீலக் கோடு போட்ட தீபாவளிச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். ஸ்வீடன்காரன் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் போட்டான். கடைசி நேரத்தில் அர்ஜென்டினாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் தடுத்தான், திரும்பி வந்த பந்தைத் தள்ளி ஒரு கோல் போட்டார்கள். அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று. முதல் ரவுண்டிலேயே மூட்டையைக் கட்டியாயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. துள்ளிக் குதித்தேன். தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் டீ சொன்னேன். கொளஞ்சியின் முதுகில் தட்டி, "நாலு வருஷம் கழிச்சு வா ராசா" என்றேன். இரண்டு பேரும் இருபது வருஷமாக இப்படித்தான் ஒருவரை ஒருவர் வறுத்தெடுப்போம், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. அவன் டிவியைப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை போன் அடித்தது. பெண்ணாடத்திலிருந்து ஒருவர் மோட்டார் கண்டன்சர் விலை கேட்டார். அந்தப் பாவப்பட்ட மனுஷனிடம் நான் எரிந்து விழுந்தேன். கொளஞ்சி எழுந்து போய்விட்டான்.

வீட்டுக்குப் போனவன் அம்புஜவல்லியிடம் இரண்டே வார்த்தை சொன்னான். "கப்பு போச்சு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சூளைக்காரன் வந்து கப்பு போச்சு என்றால், காது ஒட்டுகிறவளுக்கு எந்தக் கப்பு நினைவுக்கு வரும்? சூளைக்குள் ஒரு லோடு முழுக்க அவள் கைப்பட்ட கப்பு. செருப்பைக்கூடப் போடாமல் எஸ்டேட்டுக்கு ஓடினாள். முதலாளி கோவிந்தராசுவிடம், "சூளையில என்னமோ ஆயிட்டுதுங்க, கப்பு போச்சுன்னு சொல்லிட்டு வந்து படுத்துட்டாங்க" என்று சொன்னாள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. என்ன ஏது என்று விசாரிக்காமல் சூட்டோடு சூளைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதுவரைக்கும் உள்ளே நன்றாகத்தான் இருந்தது. காற்றுப் பட்டதும் படபடவென்று வெடித்தது. ஆக, கப்பு உண்மையாகவே போயிற்று.

சூட்டில் சூளை திறப்பது கொளஞ்சிக்கு மகா பாவம். ஒருமுறை அரை அடி திறந்ததற்கே ஒருவரை மூன்று தலைமுறைக்குத் திட்டியவன். அன்றைக்குச் சேதி கேட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் அம்புஜவல்லி பயந்துபோனாள். மறுநாள் வேலைக்குப் போனான், வந்தான், போட்டதைச் சாப்பிட்டான். பேச்சு மட்டும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. என் கடைப் பக்கமும் வரவில்லை.

போனது எந்தக் கப்பு என்று அதற்குள் ஊரார் சொல்லித் தெரிந்துகொண்ட அம்புஜவல்லி, திங்கட்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவி அஜீஸாவிடம் சொல்லி அழுதாள். கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டப் போவதாகவும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் போலீசும் கோர்ட்டும் தீர்க்காத வழக்கு அங்கேதான் போகும். குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்துப் பூசை செய்து, அங்கேயே இருக்கும் முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் மறுபடி போய், வழக்கை முடித்துக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதித் தர வேண்டும். சாமி ஆனாலும் ஃபைலை மூட வேண்டும் அல்லவா?

அஜீஸா என்னைப் பார்த்த பார்வையில் கடையே தீப்பிடித்திருக்கும். "நோவுல இருந்தவர நாலு வருஷம் கழிச்சு வான்னு சொன்னீங்களாமே? வாங்க, கோயிலுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"அஞ்சு மணிக்குப் பிரேசில் மேட்சு, அஜீஸா."

"அதுக்கு?"

மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பிரேசிலும் பெல்ஜியமும் மோதிய நேரத்தில் நான் மணவாளநல்லூரில் பிராது எழுதுகிற வரிசையில் நின்றேன்.

எழுதிக் கொடுப்பவர் பெயர் கலியமூர்த்தி. மூக்குக்கண்ணாடி போட்டவர், காது கொஞ்சம் மந்தம்.

"சொல்லும்மா. என்ன கொறை?"

"என் வூட்டுக்காரரு அஞ்சு நாளா வாயே தொறக்கலிங்க."

"யாரால?"

"அர்ஜென்டினாவாலங்க."

பேனா நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக அம்புஜவல்லியைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எத்தினி நாளாப் பழக்கம்?"

"எம்பத்தாறுலேருந்துங்க."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. புள்ளைய மடியில வச்சிக்கிட்டுத்தான் பாப்பாங்க."

"புள்ளைய வச்சிக்கிட்டேவா!" என்று கலியமூர்த்தி நெஞ்சில் கைவைத்தார். வரிசையில் பின்னால் நின்ற வேப்பூர்க்காரம்மா, வீராயி என்று பெயர், முன்னால் வந்து அம்புஜவல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத தாயி. எங்க வூட்லயும் ஒருத்தி வந்தா. அஞ்சாறு வருஷம் ஆட்டி வச்சா. வயசானதும் மனுஷன் தன்னால வூடு வந்து சேந்தாரு. இப்ப எங்க இருக்கறா அவ?"

"ஊருக்குப் போயிட்டாங்களாம்."

"அவளுக்கு என்ன 'ங்க'? எந்த ஊரு?"

"கடலுக்கு அந்தாண்டங்க. ரொம்ப தூரம்."

நான் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். அஜீஸா என் கையில் கிள்ளினாள். அப்போது அம்புஜவல்லி சொன்னாள்: "அவங்க மேல எனக்குக் கோவம் இல்லிங்க. ஜெயிச்சா இவங்க சிரிப்பாங்க, அத பாக்க எனக்குப் புடிக்கும். இவங்க என்னைக் கோவமா ரெண்டு வார்த்த திட்டுனாப் போதும். புள்ள போனப்பவும் இப்படித்தான் பேசாமக் கெடந்தாங்க. அதான் பயமா இருக்குது."

சொல்லிக்கொண்டே கையைக் கூப்பினாள். நகக்கண்ணில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உறுதி கொடுத்தவன்தான், ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் போன், இரண்டாவது போன், வராத போன். சூளைக் கதவின் ஏழு கோடு. ஏழாவது போனில் கேட்க இருந்த கேள்வி.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தரம் பேசுனாங்களா அண்ணே? புள்ள அப்பான்னு கூப்புட்டானா?" என்று கேட்டாள். "கூப்பிட்டான்மா" என்றேன். நேராகக் கலியமூர்த்தியிடம் போனாள்.

"அவங்க மேல வேணாங்க. என் வூட்டுக்காரரு மேலயே எழுதுங்க. கப்பு இல்லன்னாலும் அப்பனும் புள்ளையும் பேசிக்கணும். அவ்ளோதான்."

கலியமூர்த்தி பெருமூச்சு விட்டார். "எதிரி பேரு?"

புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? "சாமி பேருதாங்க."

"எந்தச் சாமி?"

"இதே சாமிதாங்க."

"கொளஞ்சியப்பனா?"

"அப்பன் இல்லிங்க."

நான்தான் குறுக்கே புகுந்து, "நாதன்னு போடுங்க" என்றேன். "சாமிகிட்டயே சாமி பேருல பிராதா! அவரே விசாரிச்சிக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தார். பூசை செய்து, வேலில் கட்டிவிட்டுத் திரும்பினோம். ஆட்டோ ஸ்டாண்டில் பிரேசில் இரண்டு கோலில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். சரி என்றேன்.

அன்று ராத்திரி அம்புஜவல்லி சோற்றைப் போட்டுவிட்டுப் புருஷனிடம் சொன்னாள், "ஒங்க மேல பிராது கட்டிட்டு வந்துட்டேன்."

ஐந்து நாள் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எம்மேலயா?"

மறுநாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது கொளஞ்சி படியில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. வாக்கு மீறியதற்கு என்னை நாலு வார்த்தை திட்டினான். ரொம்ப நிம்மதியாக இருந்தது.

"நம்பரப் போடு பாய்."

"சத்தியம் என்னாவுறது?"

"அதே சாமிகிட்ட எம்மேல வழக்கு போயிட்டுது. வழக்கு நடக்கறப்ப சத்தியம் எப்படிச் செல்லும்? அது கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு மாதிரி. இது மேல்கோர்ட்டு."

நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்து, "ஹலோ" என்றது பையன் குரல். கொளஞ்சி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "மாமா? யாரு?" என்று இரண்டு தடவை கேட்டான் பையன். பிறகு, மெதுவாக, "அப்பா?"

"கப்பு போச்சுடா" என்றான் கொளஞ்சி.

"ஆமாம்பா. பாத்தேன். அழுவையா வந்துது. என்னத்தச் சொல்லிப் போன் பண்றதுன்னு தெரியலப்பா. இனிமே மேட்சு இல்லையே, ஒங்ககிட்ட என்ன பேசறதுன்னு..."

பூத்தில் சத்தம் வெளியே நன்றாகக் கேட்கும். நான் பல்புகளைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"அது இல்லடா. நம்ம கப்பு. சூளையில ஒரு லோடு போச்சு. சூட்டோட கதவத் தொறந்துட்டாங்க."

"சூட்டோடயா? எந்த அறிவு கெட்டவன்பா அது?"

"மொதலாளி. ஒங்கம்மா போயி சொன்னத கேட்டுட்டு."

பையன் சிரித்துவிட்டான். பிறகு நிறுத்தி, "காது தெறிச்சுதா?" என்று கேட்டான்.

"பாதிக்கு மேல. கப்பு தனி, காது தனி."

"நான் இருந்தா தொறக்க வுட்டிருக்க மாட்டேன்பா" என்றான்.

மண்புழுவா என்று கேட்டுப் போன பிள்ளை சொன்ன வார்த்தை அது. கொளஞ்சி பாதிப் புருவத்தைத் துடைத்துக்கொண்டான். ஏழாவது போனுக்கென்று எடுத்துவைத்த கேள்வி, மூன்றாவது போனில் தானாக வாயில் வந்துவிட்டது.

"அப்ப எப்படா வர?"

பொங்கலுக்கு லீவு தருவார்கள் என்றான். "வா" என்றான் கொளஞ்சி. ரிசீவரை என்னிடம் நீட்டினான். நான் என்னத்தைப் பேசுவேன்? அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஆவணி மாதம் ராஜினாமா எழுதப் புருஷனும் பெண்டாட்டியும் கோயிலுக்குப் போனார்கள். நானும் அஜீஸாவும் கூடப் போனோம். அதற்குள் பிரேசில் கப்பு வாங்கியிருந்தது, கொளஞ்சி என்னை வாழ்த்தவே இல்லை. கலியமூர்த்திக்கு அம்புஜவல்லியை நன்றாக நினைவிருந்தது. பக்கத்தில் நின்ற கொளஞ்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"பேசறாராம்மா?"

"பேசறாங்க. புள்ளகிட்ட வாரா வாரம் பேசறாங்க."

"அந்தப் பொம்பள?"

கொளஞ்சி திருதிருவென்று விழித்தான். அவனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. அம்புஜவல்லி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "அவங்க மொதல் ரவுண்டுலயே போயிட்டாங்க."

"திரும்பி வருவாளா?"

"நாலு வருஷம் கழிச்சு வருவாங்க. வந்தா வரட்டுங்க" என்றாள். "அதுவரைக்கும் இவங்க காத்துக்கிட்டு இருக்க வேணாம்."